நுளம்புப் பிள்ளை

தேத்தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவள் கோப்பையைப் பீரிசின்மேல் கவிழ்த்து வைப்பாள். அடியில் ஒரு சொட்டு மிஞ்சியிருந்தாலும் முற்றத்து மணலில் உதறிவிட்டுத்தான் கவிழ்ப்பாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இனிமேல் உன் வீட்டில் வாய் நனைக்க மாட்டேன் என்று சொல்வதுபோலப் பட்டது.

"என்ன புள்ள, தேத்தண்ணி நல்லமில்லையா?"

"நல்லம், நல்லம். இன்னொண்டு தந்தாலும் குடிப்பன். நிமித்தி வெச்சா மழை பெய்யும், தண்ணி நிக்கும். தண்ணி நிண்டா அவ வந்து முட்டை போட்டிருவா."

"எவ?"

"என்ட எசமானி," என்று சொல்லிச் சிரித்தாள். நுளம்பைத்தான் அப்படிச் சொன்னாள்.

சுகாதாரக் கந்தோரிலிருந்து மாதம் ஒரு தடவை எங்கள் ஒழுங்கைக்கு வருவாள். கல்முனையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை. வீடு வீடாகப் புகுந்து எங்கே தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, அதில் நுளம்பின் குடம்பி நெளிகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. ஒரு பழைய சைக்கிள், ஒரு டோர்ச், நீளப் பிடி போட்ட வெள்ளை அகப்பை ஒன்று. பார்த்து முடிந்ததும், வாசல் கதவின் பின்புறம் ஆணியில் தொங்கும் மஞ்சள் அட்டையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைப்பாள். அந்த அட்டை எல்லா வீட்டிலும் இருந்தது. அதில் என்ன எழுதுகிறாள் என்று நான் பார்த்ததில்லை. நான் குர்ஆன் மட்டும் ஓதிப் படித்தவள். தமிழ் எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். அதை ஊராருக்குக் காட்டுவானேன்?

பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். நாற்பது வயதிருக்கும். நாங்கள் அவளை நுளம்புப் பிள்ளை என்போம். அப்படிக் கூப்பிட்டால் அவளும் "ஓம்" என்று திரும்புவாள். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. ஏழு வருடம் என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தாள். ஏழு வருடமும் கேட்கவில்லை.

முதல் நாள் கடப்படியில் நின்று, "ஆச்சி, உள்ளுக்கு வரலாமா?" என்றாள்.

"ஆருக்குப் புள்ள ஆச்சி? எனக்கு இன்னும் பேரப்புள்ள கிடைக்கல்ல. மகனுக்கு இன்னும் கலியாணமே முடிக்கல்ல."

"அப்ப என்னெண்டு கூப்பிட?"

"ராத்தா எண்டு கூப்பிடு."

"ராத்தாவா! எங்கட அம்மாட வயசிரிக்கும் உங்களுக்கு."

"வயச நான் உன்னட்டக் கேட்டனா?"

அன்றிலிருந்து அவளுக்கு நான் 'ராத்தா'தான். எங்கள் பேச்சில் அக்கா. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லின் வாலில் ஒரு சிறு சிரிப்பை ஒட்டித்தான் சொல்வாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டிருந்தேன்.

அவளுடைய கண் எப்போதும் தாழ்வாகத்தான் ஓடும். ஆளைப் பார்க்குமுன் ஆளின் காலடியில் கிடக்கும் சிரட்டையைப் பார்ப்பாள். கதைத்துக்கொண்டே காலால் ஒரு பேணியைத் தட்டிக் கவிழ்ப்பாள். கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியையும் விடமாட்டாள். ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்து, "நாளைக்கு மாத்துங்க" என்று கோழிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வாள்.

எதிர்வீட்டு சல்மாவின் மகளுக்குக் கலியாணம். ஒழுங்கையில் எல்லோருக்கும் சொன்னதுபோல அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்தாள். அவளைப் பூவோடு பார்த்தது அன்றைக்குத்தான். சாப்பிட்டாள், மணப்பெண்ணைப் பார்த்தாள். பிறகு ஆளைக் காணவில்லை. கொல்லைப் பக்கம் போனால், கழுவி மல்லாத்தி அடுக்கியிருந்த சஹன் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரை வடித்துக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது. எங்கள் பக்கம் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடுவோம். இன்னும் இரண்டு பந்தி இருக்கிறது.

"அடியேய், சோறு போடுற சஹனக் கவுத்துறாளே! அதுவும் கலியாண வீட்ல!" என்று சல்மா கத்தினாள்.

"கவுத்தினாத்தான் மச்சி காயும். நான் சாப்பிட்டுட்டுத்தான் கவுத்துறன், பயப்பிடாதீங்க."

பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு தடவை நான் அவளிடம், "வீட்ல ஆரு இரிக்கா?" என்று கேட்டேன்.

"நானும் ஒரு வாளியும்தான் ராத்தா. வாளியையும் கவுத்துத்தான் வெச்சிரிக்கன்."



என் வீட்டுக்காரர் மௌத்தான அன்றும் வந்தாள். சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். மையித்தைக் குளிப்பாட்டிய வாளிகள் கொல்லையில் பாதித் தண்ணீரோடு கிடந்தன. ஆண்கள் மையித்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். அந்த வாளிகளின் பக்கம் போக எல்லோருக்கும் ஒரு தயக்கம். நான் யன்னலால் பார்த்தேன். அவள் ஒவ்வொரு வாளியாக எடுத்து முருங்கை மரத்தடியில் மெதுவாக ஊற்றினாள். சத்தம் கேட்காமல் ஊற்றினாள். சுவரோரமாக வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு என் வீட்டில் அழுதவர்கள் பலர். எனக்கு நினைவில் நிற்பது அந்த வாளிகள்தான்.

என் ஒரே மகன் மாலைதீவில் ஹோட்டல் வேலையில் இருந்தான். அவன் அனுப்பிய பிரிட்ஜ் ஒன்று விறாந்தையில் நின்றது. குசினிக்குள் வைத்தால் யார் காண்பார்கள்? இரண்டு கதவு. மேலே நான் பின்னல் துணி விரித்திருந்தேன். எங்கள் ஒழுங்கையில் அத்தனை உயரமான பிரிட்ஜ் வேறு இல்லை. நுளம்புப் பிள்ளைக்கு அதன்மேல் ஒரு கண்.

"ராத்தா, இதிட பின்னுக்கு ஒரு தட்டு இரிக்கும். வடியிற தண்ணி அதுலதான் நிக்கும். ஒருக்கா இழுத்துப் பாப்பமா?"

"குளிர்ப்பெட்டிக்குள்ள நுளம்பு இரிக்கிமா? விறைச்சுச் செத்துப் போகும்."

"உள்ளுக்குத்தான் குளிர். பின்னுக்கு நல்ல இளஞ்சூடு. பிள்ளப்பெத்த வீடு மாதிரி."

"இழுத்தா தரை கீறிப் போகும். தொடாத."

தொடமாட்டாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்ப்பாள். ஒவ்வொரு மாதமும் கேட்டாள். ஒவ்வொரு மாதமும் நான் மறுத்தேன். மகன் அனுப்பிய பொருளில் அழுக்கிருக்கும் என்று ஒருத்தி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருநாள் யாருடைய வளவிலோ பிடித்த குடம்பிகளை ஜேம் போத்தலில் போட்டுக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க, என்ன கூத்தாட்டம் ஆடுதெண்டு."

"சீ, தூரப் பிடி. காய்ச்சல் புழு."

"இதுல காய்ச்சல் இல்ல ராத்தா. இது உங்கட ஊர்ப் பிள்ள. பிறக்கக்குள்ள வெறுங்கையோடதான் பிறக்குது. மனிசன்தான் இதுக்குக் காய்ச்சலக் குடுக்கான்."

"எந்த மனிசன்?"

"பிளேன்ல வந்து இறங்குற மனிசன். அங்க ஒரு தீவுல காய்ச்சலப் பிடிச்சுக்கொண்டு வந்து இஞ்ச விறாந்தையில இருப்பான். நம்மட நுளம்பு போய்க் குத்தும். இரத்தத்தோட காய்ச்சலையும் உறிஞ்சும். ஒரு கிழமை அது அதிட உடம்புக்குள்ள கிடந்து பெருகும். பிறகு அது ஆரைக் குத்தினாலும் அவருக்கும் அதே காய்ச்சல். அவர் பிளேனை வானத்துல மட்டும்தான் கண்டிருப்பார், பாவம்."

"அதுக்கென்ன செய்ய?"

"காய்ச்சலோட வந்தவர ஒரு கிழமைக்கு வலைக்குள்ள வெச்சிரிக்கணும். பகல்லயும். பகல்லதான் முக்கியம். இது பகல்ல குத்துற சாதி. காலையில ஒருக்கா, பிறகு உங்கட அஸர் நேரத்துல ஒருக்கா."

பின்னேரத் தொழுகையை அஸர் என்று எங்கள் சொல்லாலேயே சொன்னாள். நான் தலையாட்டினேன். வந்த மாதிரியே அந்தக் கதை காதைத் தொட்டுக்கொண்டு போய்விட்டது.

மாலைதீவுக்குப் போய் ஐந்து வருடத்துக்குப் பிறகு மகன் வந்தான். பாலமுனையில் ஒரு பெண் பேசியிருந்தோம். பேசிக் கொடுத்தவள் எதிர்வீட்டு சல்மா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்த்தான் வாழ்வான். கலியாணம் முடிந்தால் நான் தனி என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கண்மூடுமுன் அவனை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும். அந்தச் சம்பந்தம் தவறினால் அப்படி ஒன்று மறுபடி வராது.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன் மறுநாளே சுருண்டு படுத்தான். "எலும்பெல்லாம் உளையுது உம்மா" என்றான். கை கொதித்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், பெனடோல் கொடுத்தேன். ஆனால் படுத்திருக்க விடவில்லை.

வெளிநாட்டால் வந்தவனைப் பார்க்க எங்கள் ஊரில் அஸர் தொழுகை முடிந்த கையோடு ஆட்கள் வருவார்கள். வந்தவன் முன்விறாந்தையில் இருந்து எல்லோருக்கும் முகம் கொடுக்க வேண்டும். உள்ளே படுத்திருந்தால் பெருமை பிடித்துவிட்டது என்பார்கள். இல்லையென்றால் நோய் கொண்டுவந்திருக்கிறான் என்பார்கள். இரண்டாவது கதை பாலமுனைக்குப் போக அரை நாள் போதும். ஆகையால் பெனடோலைக் கொடுத்து, முகத்தைக் கழுவி, சாறன் கட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். குளிருகிறதென்று காற்றாடியை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். மூன்று நாள் அஸர் நேரமும் அப்படித்தான் இருந்தான்.

மூன்றாம் நாள் பாலமுனையிலிருந்து பெண்ணின் உம்மாவும் சாச்சியும் வந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அப்போது அவனுடைய கணுக்காலில் ஒரு நுளம்பு உட்கார்ந்தது. கறுப்பு. காலில் வெள்ளைக் கோடுகள். வயிறு சிவந்து ஊதும்வரை இருந்து எழும்பிப் பிரிட்ஜின் பின்பக்கம் போனது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். சம்பந்திகளுக்கு முன்னால் எழும்பிப் போய் மகனின் காலில் அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாலாம் நாள் காலை நுளம்புப் பிள்ளை வந்தாள். அது அவள் வருகிற நாள் அல்ல.

"மகன் வந்திரிக்காராமே. சந்தோசம் ராத்தா. அந்தத் தீவுகள்ல ஒரு காய்ச்சல் ஓடுதாம், வந்த ஆக்களைக் கேட்டுப் பாக்கச் சொல்லியிரிக்காங்க. அவருக்குக் காய்ச்சல், மூட்டு நோ ஏதும் இரிக்கா?"

எதிர்ப்பக்கக் கடப்படியில் சல்மா விளக்குமாறோடு நின்றாள். கூட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

"இல்ல," என்றேன். சல்மாவுக்கும் கேட்கட்டும் என்று பலமாகச் சொன்னேன். "பயணக் களைப்பு. தூங்குறான்."

"ஒரு இரத்தப் பரிசோதனை..."

"காய்ச்சல் இல்லாதவனுக்கு என்னத்துக்கு ரத்தம் எடுக்கிற? அவனென்ன ஆடா மாடா?"

நுளம்புப் பிள்ளை என்னைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலால் பிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு கதவின் பின்னால் போய் அட்டையில் எழுதினாள். போகும்போது பையிலிருந்து ஒரு புது நுளம்பு வலையை எடுத்து என் கையில் வைத்தாள். பொலித்தீன் உறை பிரிக்காதது.

"இத வெச்சிக்கங்க ராத்தா. பயணக் களைப்புக்கும் நல்லம்."

அதில் சிரிப்பு ஒட்டியிருக்கவில்லை. நான் வலையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். முன்விறாந்தையில் மாப்பிள்ளையை வலைக்குள் இருத்தினால் ஊர் என்ன சொல்லும்?

மகன் ஒரு கிழமையில் எழும்பிவிட்டான். இளம் உடம்பு. அதன் பிறகுதான் சல்மா விழுந்தாள். அடுத்தது அவளுடைய மருமகன். பிறகு மூலைக் கடைக்காரர். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. சிக்குன்குனியா என்றார்கள். நடக்கிறவர்களெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பள்ளிவாசலில் ருகூவுக்குக் குனிந்தவர்கள் நிமிரக் கஷ்டப்பட்டார்கள். எங்கிருந்தோ கதிரைகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். முன்வரிசை முழுக்கக் கதிரை. "கதிரையில இரிக்கிற ஆக்களப் பாத்தாக் கலியாண மண்டபத்துல பாட்டுக் கேக்க வந்த மாதிரி இரிக்கி" என்று மூலைக் கடைக்காரர் படுக்கையில் கிடந்தபடி சொன்னாராம்.

கலியாணம் நடந்தது. சல்மா இரண்டு பேர் தாங்கப் பந்தலுக்கு வந்தாள்.

"நாசமாப் போன நுளம்பு. எங்கயிருந்து வந்திச்சோ?" என்றாள் என்னிடம்.

"நுளம்பு எங்கட ஊர்தான்," என்றேன்.

மகன் பாலமுனைக்குப் போய்விட்டான். அவன் போன கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. கட்டிலிலிருந்து கீழே கால் வைக்க முடியவில்லை. ஒழுங்கையில் எழும்பி வரக்கூடியவர்கள் யாருமில்லை. மகனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. புது மாப்பிள்ளையை ஒரு கிழமையில் திருப்பிக் கூப்பிட்டாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

நுளம்புப் பிள்ளைதான் வந்தாள். அந்த நாட்களில் தினமும் ஒழுங்கை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் தந்த வலை எங்க ராத்தா?"

அலுமாரிச் சாவியைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அவள் திறந்தாள். வலை கொடுத்த மாதிரியே, பொலித்தீன் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லால் உறையைக் கடித்துப் பிரித்தாள். கட்டிலின் நாலு மூலையிலும் கட்டி, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள்.

ஆறு நாள் வந்தாள். வீடு வீடாகப் போய் முடித்துவிட்டு அஸர் நேரத்துக்கு என் வீட்டில் வந்து நிற்பாள். கஞ்சி காய்ச்சுவாள். வலைக்கடியால் கோப்பையை நீட்டுவாள். பிறகு விறாந்தையில், மகன் இருந்த அதே கதிரையில், நான் கூப்பிட்டால் கேட்கும்படி இருந்துகொள்வாள். நான் வலைக்குள் இருந்தேன். அவள் வெளியே இருந்தாள். இடைக்கிடை தன் காலில் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

"கடிக்கிதா புள்ள?"

"எசமானிக்குச் சம்பளம் குடுக்கணுமே ராத்தா."

ஏழாம் நாள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை பிரிட்ஜை இழுத்தது. தனியாகத்தான் இழுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. தரை கீறியது. அந்தக் கீறல் இப்போதும் இருக்கிறது. பின்னால் ஒரு தட்டு. தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர். அதற்குள் கூத்தாட்டம். என் சுவாசம் பட்டதும் அத்தனையும் தலைகீழாக அடிக்கு ஓடின. தட்டைக் கழற்றி உச்சி வெயிலில் மணலில் ஊற்றினேன். துள்ளி அடங்கும்வரை நின்றேன். நுளம்பும் என் வீட்டுடையது, காய்ச்சலும் என் வீட்டுடையது. ஒழுங்கையில் வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை கடப்படியில் "ராத்தா" என்று கேட்டது. சைக்கிள் இல்லை. நடந்து வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். கைவிரல்கள் மொழிகளில் வீங்கி உள்ளுக்கு மடங்கியிருந்தன.

"உனக்குமா புள்ள?"

"எனக்கென்ன, வலைக்குள்ளயா இருந்தன்?" என்று சிரித்தாள். "ஊரெல்லாம் எழும்பிட்டுது. எனக்குத்தான் விடுதில்ல. சிலருக்கு இப்படித்தானாம், நாள் செல்லுமாம். சைக்கிள் பிரேக்கப் பிடிக்க ஏலாது. வாளி தூக்க ஏலாது. வாளி தூக்க ஏலாதவளுக்கு இந்த வேலை என்னத்துக்கு? நானே எழுதிக் குடுத்திட்டன். ஒருக்காச் சொல்லிட்டுப் போவமெண்டு வந்தன்."

தேத்தண்ணீர் ஊற்றினேன். இரண்டு உள்ளங்கைகளாலும் கோப்பையை அணைத்துப் பிடித்துக் குடித்தாள். ஒழுங்கையில் யாருமில்லை. சல்மாகூடச் சந்தைக்குப் போயிருந்தாள்.

"ராத்தா, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அண்டைக்கு மகனுக்குக் காய்ச்சல் இருந்ததா? இப்ப ஆருக்கும் சொல்றத்துக்கில்ல. கந்தோருக்கும் இல்ல. நான் ஒழுங்கை முழுக்கக் கேட்டுப் பாத்தன், எங்க துவங்கிச்செண்டு எனக்குப் பிடிபடல்ல. அதத் தெரிஞ்சா எனக்கு மனசு ஆறும்."

கலியாணம் முடிந்துவிட்டது. பாலமுனைக்குக் கதை போகப் பயமில்லை. கேட்பதற்கு அவளைத் தவிர யாருமில்லை. ஓம் என்ற ஒரு சொல்தான். நான் யாரிடமும் தலைகுனிந்து நின்றதில்லை. என் வீட்டில், என் கதிரையில், என் தேத்தண்ணீரைக் குடிக்கிற ஒருத்திக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க என்னால் முடியவில்லை.

"இல்ல புள்ள. பயணக் களைப்புத்தான்."

அவள் பிரிட்ஜின் பக்கம் பார்த்தாள். தரையில் கிடந்த புதுக் கீறலைப் பார்த்தாள். அவளுடைய கண் எப்போதும் தாழ்வாகத்தானே ஓடும்.

"சரி ராத்தா. நீங்க சொன்னதத்தான் நான் எழுதினது. அது அப்படியே இரிக்கட்டும்."

பிறகு கோப்பையைக் கவிழ்க்கப் பார்த்தாள். விரல் பிடி கொடுக்கவில்லை. கோப்பை சாய்ந்து பீரிசில் தட்டி மறுபடி நிமிர்ந்துகொண்டது. இன்னொரு தரம் முயன்றாள். அடியில் ஒரு வாய்த் தேத்தண்ணீர் மிச்சம். நான் எழும்பி ஒரு கை கொடுத்திருக்கலாம். நான் அசையவில்லை. அவள் கோப்பையை நிமிர்ந்தபடியே விட்டுவிட்டு எழும்பினாள்.

"வாறன் ராத்தா."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஆறேழு மாதம் போன பிறகு ஒருநாள் ஓட்டோ பிடித்துப் பாண்டிருப்புக்குப் போனேன். சந்தியில் ஒரு கடையில் நின்று விசாரித்தேன்.

"ஆரைத் தேடுறீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"நுளம்பு பாக்கிற புள்ள. மெலிஞ்ச ஆள்."

"பேர்?"

பேர் தெரியாது என்று சொல்ல நாக்குக் கூசியது. "நுளம்புப் பிள்ளையெண்டு செல்லுவம்," என்றேன்.

"இஞ்ச எல்லா வீட்லயும் நுளம்பு இரிக்கு உம்மா. நீங்க எந்த வீட்டத் தேடுறீங்க?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பிடவையை இழுத்து மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். வீட்டுக்கு வந்து கதவின் பின்னால் அட்டையைப் பார்த்தேன். அவளுடைய கையெழுத்து வரிசையாக இருந்தது. எழுத்தாகப் பிடிபடாத ஒரு நெளிவு. சல்மாவின் மகளிடம் காட்டினால் வாசித்துச் சொல்லியிருப்பாள். ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்டிருப்பாள்.

மகன் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வருவான், அஸருக்கு முன் திரும்பிவிடுவான். அவன் போன பிறகு பிரிட்ஜை இழுத்துத் தட்டை ஊற்றுவேன். அது ஒரு வேலை. கோப்பையையும் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு கோப்பைதான்.

இப்போது வருகிறவன் ஒரு இளம் பொடியன். மோட்டார் சைக்கிளில் வருவான். தேத்தண்ணீர் குடிக்க நேரமில்லை என்பான். போன கிழமை வந்தான்.

"உம்மா, வீட்ல ஆருக்கும் காய்ச்சலா? வெளிநாட்டால ஆரும் வந்தவங்களா?"

"ஓம்," என்றேன்.

பேனையைத் திறந்தான். "ஆரு?"

"என்ட மகன். மாலைதீவால வந்த. காய்ச்சலோடதான் வந்த. எனக்குத் தெரியும். தெரிஞ்சு கொண்டுதான் இல்லையெண்டு செல்லின."

"எப்ப உம்மா வந்த?"

"நாலு வருசம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உம்மா, நான் கேக்கிறது இந்த மாசத்த."

"அந்தப் புள்ள அண்டைக்குக் கேட்டது தம்பி. நான் செல்லல்ல. இப்ப செல்றன். எழுதிக்க."

"அதெல்லாம் எழுத இதுல இடமில்ல உம்மா," என்றான். குரலில் பழுது சொல்ல முடியாது. நல்ல பொடியன்தான். கதவின் பின்னால் போனான், பழைய அட்டையில் மிச்சமிருந்த கடைசிக் கோட்டில் எழுதினான், "புது அட்டை அடுத்த மாசம் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டும்வரை இருந்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைக்குக் கிட்டப் போய் நின்றேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். மூன்று எழுத்துத்தான். இல்லை என்று எழுதியிருந்தான். விரலை அப்படியே மேலே கொண்டுபோனேன். அவளுடைய நெளிவுக் கையெழுத்துக்குப் பக்கத்தில், மகன் வந்த அந்த மாதத்து வரியில், அவள் எழுதியிருந்ததும் அதே மூன்று எழுத்துத்தான். பேனையை அழுத்திப் பிடித்து எழுதியிருக்கிறாள். அட்டையின் மறுபக்கம் தடவினால் கைக்குத் தெரிகிறது.